கடிகார மர்டோ தொலைத்த ஒரு நாள்

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், மேற்குக் கரையில் எங்கள் ஊர் ஒன்றில் மட்டும் நான்கு மர்டோக்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் யாரும் திரும்பமாட்டார்கள், பட்டப்பெயரைச் சொல்ல வேண்டும். தபால் மர்டோ, குட்டை மர்டோ, கனடா மர்டோ, கடிகார மர்டோ. இதில் கனடா மர்டோ கனடாவை வரைபடத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா கனடாவுக்குக் கப்பலேறி, அடுத்த துறைமுகத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். எங்கள் ஊர் ஒருமுறை பெயர் வைத்தால் பேரன் பேத்தி வரைக்கும் அது ஓடும்.

கடிகார மர்டோ பஸ் ஓட்டுகிறவர். முப்பத்தோரு வருஷமாக, காலை ஏழு பத்துக்கு எங்கள் கடைமுனையில் திரும்பும் அவருடைய பஸ்ஸைப் பார்த்துத்தான் ஊர் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. ஒரு நிமிஷம் தாமதமாக வந்தார் என்பதற்காகப் போதகரையே மழையில் நிற்கவிட்டுப் போனவர். அடுத்த ஞாயிறு அதே போதகரின் பிரசங்கத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்டவரும் அவர்தான். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தான் சரியாக இருப்பது அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு வாரம், ஜூன் மாதத்தில், மர்டோ விடுமுறை எடுப்பார். மற்றவர்கள் ஸ்பெயினுக்குப் போய்த் தோல் உரிந்து வருவார்கள். இவர் வீட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்து, மூன்று மணி நேரம் சதுப்பில் நடந்து, மேட்டு ஏரிகளுக்குப் போவார். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு குடில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோடையில் மாடு மேய்க்கப் போனவர்கள் தங்கிய இடம். ஓர் அடுப்பு, ஒரு மேசை, இரண்டு கட்டில்கள். சுற்றிலும் எண்ணினால் பதினேழு ஏரிகள், எண்ணுகிறவரைப் பொறுத்துப் பத்தொன்பது. எல்லாவற்றிலும் பழுப்பு டிரவுட் மீன். யாரும் வளர்த்து விட்டதில்லை. மலை உண்டான நாளிலிருந்து அங்கேயே பிறந்து, அங்கேயே பூச்சி தின்று, மனிதனைக் கண்டால் மதிக்காத மீன்கள்.

இரண்டாவது கட்டில் ஃபின்லேயுடையது. ஃபின்லே, மர்டோவின் மனைவி டோலினாவுக்கு அண்ணன். மச்சான்கள் இரண்டு பேரும் இருபத்திரண்டு ஜூன்கள் அந்தக் குடிலில் ஒன்றாகக் கழித்தவர்கள். அப்புறம் ஆறு ஜூன்களாக அந்தக் கட்டிலில் மர்டோவின் ஈரச் சட்டைதான் படுத்திருந்தது. அதற்குக் காரணம் மர்டோவின் வாய்.

எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வுநாள்; கொடியில் துணி காயாது, புல்வெட்டி ஓடாது. அவசியமும் இரக்கமும் மட்டும் விலக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், நோயாளியைப் பார்க்கப் போகலாம். இந்தக் காலத்தில் ஞாயிறன்று கப்பல்கூட வந்துவிட்டது, ஆனால் எங்கள் தூண்டில் சங்கத்தின் மூன்றாவது விதி மட்டும் இம்மியும் அசையவில்லை: ஞாயிறன்று தூண்டில் தொட்டவருக்கு அந்தப் பருவம் முழுக்கத் தடை. சங்கத்தின் செயலாளர், வேறு யார், கடிகார மர்டோதான்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜூனில் மர்டோவுக்கு மாற்று ஓட்டுநர் கிடைக்கவில்லை. ஃபின்லே தனியாகப் போனார். இரண்டு வாரம் கழித்துச் சங்கத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலையேற வந்த ஒரு தம்பதி. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் தங்களுக்குத் தேநீரும் ரொட்டியும் கொடுத்த அந்த அன்பான மீன்பிடிப்பவருக்கு நன்றி என்று எழுதி, புகைப்படமும் வைத்திருந்தார்கள். கையில் தூண்டிலோடு, வாயெல்லாம் பல்லாக ஃபின்லே. உபசாரம் செய்யப்போய் ஒரு மனிதன் இப்படி மாட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கூட்டத்தில் ஃபின்லே உள்ளதைச் சொன்னார். இரண்டு நாள் மூடுபனி, நாள் கணக்கு தப்பிவிட்டது, அன்றைக்குச் சனிக்கிழமை என்றுதான் நினைத்தேன் என்றார். பாதிப்பேர் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள். அப்போது செயலாளர் எழுந்தார்.

"நம்ம தீவுல பொறந்தவனுக்கு ஞாயித்துக்கெழமை தெரியாமப் போகணும்னா, ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்ல பொய் சொல்லணும். ஃபின்லே குடிக்கிறதில்ல."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. தடை ஒரு பருவத்துக்குத்தான், ஆனால் ஃபின்லே அதன் பிறகு சங்கத்துப் பக்கமே வரவில்லை. ஊர் அவருக்குச் சனிக்கிழமை ஃபின்லே என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் அவருடைய பேத்தியைச் சனிக்கிழமைக் குட்டி என்று கூப்பிடுகிறார்கள். மச்சான்களுக்குள் பேச்சு நின்றுபோனது. புத்தாண்டு விருந்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றாலும் டோலினா மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வருஷம் அவள் உப்புக் கிண்ணத்தையே தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ரெண்டு பேரும் சப்பென்று தின்னுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மர்டோவுக்கு உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனால் விதி விதிதானே, நான் விதியைத்தானே சொன்னேன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வார். விதியைச் சொன்னதற்கும், மச்சானைப் பொய்யன் என்றதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் அவர் அளந்து பார்க்கவில்லை.

இந்த வருஷம் திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கிளம்பினார். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டார், மேலே எப்படியும் சிக்னல் கிடையாது. டோலினா ஆறு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், நாளுக்கு ஒன்று: ஓட்ஸ் ரொட்டி, பாலாடைக்கட்டி, வறுத்த ரத்தப் புட்டு, ஒரு துண்டு பழக் கேக். ஆறாவது பொட்டலம் சனிக்கிழமை மதியத்துக்கு. அதைத் தின்றுவிட்டு நடந்தால் சாயங்காலம் வீடு, மறுநாள் கோயில். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் கணக்கு.

திங்களும் செவ்வாயும் அருமையாகப் போயின. மேற்குக் காற்று மெல்ல அடித்தது, பொடிக்கொசு பறக்க முடியாமல் புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. கால் பவுண்டு, அரை பவுண்டு மீன்களாக நிறையக் கிடைத்தன. ஓட்ஸ் மாவில் புரட்டி வெண்ணெயில் போட்டுத் தின்றார். புதன்கிழமை மூடுபனி இறங்கியது. கூடவே ஜலதோஷமும். கதவைத் திறந்தால் வாசற்படிக்கு அப்பால் உலகமே இல்லை. ஜூன் மாதத்தில் எங்களுக்கு இரவென்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு, பனியும் சேர்ந்தால் அதுவும் இல்லை. தூங்கினார், எழுந்தார், மூக்கைச் சிந்தினார், மறுபடி தூங்கினார். கைக்கடிகாரம் எட்டு மணி என்றது, எந்த எட்டு என்று சொல்லவில்லை. பசியும் இல்லை. மூன்றாவது பொட்டலத்தில் பாதியைப் புதனன்றும், மீதியை வியாழனன்றும் தின்றார். தின்றது இரண்டு நாள். எண்ணியது ஒரு நாள்.

பனி விலகி, உடம்பும் தேறி, இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் கண் விழித்தபோது மேசைமேல் ஒரு பொட்டலம் பாக்கி இருந்தது. ஆக, சனிக்கிழமை. மதியம் வரைக்கும் நேரம் இருக்கிறது. தூண்டிலை எடுத்துக்கொண்டு ஒத்தைக்கல் ஏரிக்குப் போனார்.

அந்த ஏரியின் நடுவில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நிழலில் ஒரு பெரிய மீன் குடியிருந்தது. மூன்று வருஷமாக மர்டோ அதைப் பார்த்திருக்கிறார், அதுவும் அவரைப் பார்த்திருக்கிறது. அன்று தூண்டில் முள்ளில் கறுப்பு இறகால் தானே கட்டிய பொய் ஈயைப் பாறைக்கு ஒரு முழம் தள்ளி இறக்கினார். தண்ணீர் லேசாகக் குழிந்தது. அவ்வளவுதான். அடுத்த கணம் நூல் சுற்றிய ரீல் கத்தியது, கோல் வளைந்தது, மர்டோ முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "வா ராஜா, வா" என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

மீன் ஒருமுறை மேலே வந்து புரண்டது. வெண்ணெய் நிறத்து வயிறு, விலாவெல்லாம் செம்பொட்டு. நாலரை பவுண்டு என்று மர்டோ அந்த நொடியிலேயே எடை போட்டுவிட்டார். பருவத்தின் பெரிய மீனுக்குச் சங்கம் தரும் கோப்பைக்கு இதைவிடச் சின்ன மீன்களே போதும். அப்போதுதான் மேட்டின் மேலே ஓர் ஆள் வருவது தெரிந்தது. கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, டை. காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். கிட்ட வரவரப் பார்த்தால் ஃபின்லே.

மர்டோ கோலை விடாமல் அந்தப் பக்கம் திரும்பினார். சனிக்கிழமை காலையில் சூட் போட்டுக்கொண்டு ஒருவன் சதுப்பில் மூன்று மணி நேரம் நடந்து வருகிறான் என்றால், அது சாவுச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும். ஆறு வருஷத்துக்குப் பிறகு மச்சானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"யாரு போனது?"

"யாரும் போகல," என்றார் ஃபின்லே, மூச்சு வாங்கிக்கொண்டே. "நீதான் போயிட்டேன்னு கீழ பேசிக்கிறாங்க. டோலினா ராத்திரி பூரா தூங்கல."

"எதுக்கு?"

"நேத்து சாயங்காலம் வர வேண்டியவன் வரலன்னா, பின்ன?"

"நேத்து வெள்ளிக்கெழமைதானே?"

ஃபின்லே வளைந்த கோலைப் பார்த்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் நூலைப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார். பிறகு கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லில் பதவிசாக உட்கார்ந்தார்.

"மச்சான், நான் ஏன் சூட் போட்டிருக்கேன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

மர்டோ யோசித்தார். ஊரில் சூட் வெளியே வருவது சாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும்தான். கையில் மீன் இழுக்கிறது, மண்டையில் பொட்டலங்கள் ஓடுகின்றன. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் பாதி. மீதிப் பாதியில் வந்து நின்றபோது அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது.

"பனி, மச்சான்," என்றார். "ரெண்டு நாள் பனி. கணக்கு தப்பிப்போச்சு. சத்தியமா சனிக்கெழமைன்னுதான் நெனச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான், இந்த வாக்கியத்தை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஃபின்லே டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். "நீயும் குடிக்கிறதில்ல," என்றார். "ஆனா நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும். பாத்த உடனேயே தெரிஞ்சுபோச்சு."

மர்டோ ஓங்கி ஓர் அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆனால் மீன் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஞாயிறு என்று தெரிந்த பிறகு ரீலைச் சுற்றினால் அது மீன்பிடிப்பு. சுற்றாமல் நின்றால் மீன் தவிக்கிறது. நூலை அறுத்தால் வாயில் முள்ளோடு போகும், அது கொடுமை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் வாதாடினார்கள். ஒருவர் தண்ணீரில் நின்றபடி, ஒருவர் கல்லில் உட்கார்ந்தபடி. ஆறு வருஷமாகப் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த மீனின் தலையில் கொட்டுவதுபோல் வாதாடினார்கள். முடிவில், முள்ளை எடுத்து விடுவதற்காகக் கரைக்குக் கொண்டுவருவது இரக்கத்தில் சேரும் என்று தீர்ப்பாயிற்று. கை வலையைப் பிடிக்க மட்டும் ஃபின்லே மறுத்துவிட்டார். ஏற்கெனவே ஒரு தடை வாங்கிய உடம்பு இது என்றார்.

மர்டோ மீனை ஆழமில்லாத தண்ணீருக்குக் கொண்டுவந்து, குனிந்து, முள்ளைக் கழற்றினார். வாழ்நாளில் அவர் தொட்ட மிகப் பெரிய டிரவுட். அது செவுளை இரண்டு தடவை அசைத்துவிட்டு, வந்த வழியே பாறைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்த ஒரே சாட்சி, ஊரே நம்பாத ஃபின்லே.

தூண்டிலைக் குடிலில் வைத்துவிட்டு நடந்தார்கள். வழியெல்லாம் மர்டோ என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் கோயில் முடிந்த கூட்டம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. டோலினா ஓடிவந்து கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என்ன ஆச்சு, ஏன் வரவில்லை என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மர்டோ வாயைத் திறப்பதற்குள் ஃபின்லே முந்திக்கொண்டார்.

"காய்ச்சல். கட்டில்ல கெடந்தாரு. எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

ஊர் நம்பியது. மர்டோ சும்மா இருந்தார். ஆமாம், சும்மா இருந்தார், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கோழி சூப் குடித்தார், கம்பளி போர்த்திக்கொண்டார். சாயங்கால ஆராதனையில் போதகர், மேட்டில் நோயுற்றுக் கிடந்த நம் சகோதரனைப் பத்திரமாகத் திருப்பித் தந்ததற்காக நன்றி என்று ஜெபித்தார். சபை ஆமென் என்றது. மர்டோவின் கண்கள் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த ஃபின்லேயின் பிடரியிலேயே இருந்தன. உண்மை பேசியபோது பொய்யன் என்று தள்ளி வைத்த மனிதனை, இன்றைக்குத் தனக்காக நிஜமாகவே பொய் சொல்ல வைத்தாயிற்று. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சபை சங்கீதம் பாடும்போது மர்டோ பாடவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் மாதக் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம். அண்ணனை எப்படியாவது அழைத்து வா என்று மர்டோ டோலினாவிடம் சொல்லியிருந்தார். அவள் எப்படிச் செய்தாளோ, ஃபின்லே பின்சுவரோரம் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில், எந்த நேரமும் வெளியேறத் தயாராக நின்றுகொண்டிருந்தார். தலைவி மார்சாலி, ஓய்வுபெற்ற நர்ஸ், சுற்றி வளைக்காதவள். முதல் விஷயம் என்ன என்று கேட்டாள். மர்டோ எழுந்தார்.

"போன ஞாயித்துக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு நான் ஒத்தைக்கல் ஏரியில மீன் புடிச்சேன். காய்ச்சலெல்லாம் இல்ல. பனியில நாள் தப்பிப்போச்சு, சனிக்கெழமைன்னு நெனச்சேன். ஆறு வருஷம் முன்னால ஃபின்லே இதையேதான் சொன்னாரு. அது உண்மை. இதே எடத்துல நின்னு நான் சொன்னதுதான் தப்பு."

சொல்லிவிட்டு மர்டோ உட்காரவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து கனடா மர்டோவின் குரல், குடித்திருந்தீரா என்று ரொம்ப மரியாதையாக விசாரித்தது. கூரை அதிரச் சிரித்தார்கள். இந்த முறை மர்டோவைப் பார்த்து. அவர் அசையாமல் நின்று அதை முழுக்க வாங்கிக்கொண்டார்.

மார்சாலி மேசையைத் தட்டி, மீன் எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட பாவத்துக்கும் எடை கேட்பார்கள். நாலரை பவுண்டு என்றார் மர்டோ. யார் பார்த்தது என்றாள். ஃபின்லே பார்த்தார் என்றார். எல்லாத் தலைகளும் தேநீர்ப் பானைப் பக்கம் திரும்பின.

"நாலு இருக்கும்," என்றார் ஃபின்லே. "நாலரையெல்லாம் இல்ல."

அரை பவுண்டுக்குக்கூட வாய் கூசுகிற மனிதன். அந்த ஒரு பதிலில் ஆறு வருஷத்து வழக்கு தீர்ந்தது. மறுபடி சங்கத்தில் சேரக் கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் ஃபின்லேயைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பழைய தீர்மானத்தை அடித்து, அவர் பெயரைத் திரும்ப எழுதினார்கள். மர்டோவை மன்னித்து விட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மர்டோ சம்மதிக்கவில்லை, மூன்றாவது விதியைத் தானே வாசித்து, தனக்குத் தானே தடை எழுதிக்கொண்டார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும், இன்றைக்கு என்ன கிழமை டிரைவர் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கடிகாரம் என்ற பெயர் அத்தோடு போயிற்று. இப்போது அவர் சின்னச் சனிக்கிழமை.

அதெல்லாம் மறுநாள். அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு மச்சான்கள் இரண்டு பேரும் கூடத்தின் படியில் நின்றார்கள். கடல் பக்கம் வெயில் இன்னும் இருந்தது. மர்டோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிரு மச்சான்."

"அது ஏரிக்கரையிலயே முடிஞ்சுபோச்சு," என்றார் ஃபின்லே. "ஆனா ஆறு ஜூன் போச்சே, மச்சான்."

மர்டோ பஸ்ஸில் நாலு நிமிஷம் பின்தங்கினால் அடுத்த நிறுத்தத்துக்குள் பிடித்துவிடுவார். இதைப் பிடிக்க வழியில்லை. இருவருக்கும் அறுபத்து மூன்று வயது. அவர் கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எனக்கு இப்ப தடை இல்ல," என்றார் ஃபின்லே, கடலைப் பார்த்துக்கொண்டே. "மேல போகலாம்னு இருக்கேன். உனக்குத்தான் தூண்டில் தொடக்கூடாது. கஞ்சி காய்ச்ச வர்றியா?"

"வர்றேன்," என்றார் மர்டோ.

லீவு முடிந்துபோனவர், மறுபடி லீவு வேண்டுமென்று டிப்போவில் இன்னும் சொல்லாதவர். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவே இல்லை.